மலைநாட்டு வீட்டுத்தோட்டத்தில் லில்லி வளர்ப்பு

வீட்டுத்தோட்டம் பற்றிய எமது பாடங்களில் இதுவரை கீரை, போஞ்சி, மிளகாய், வள்ளிக்கிழங்கு, கூட்டெரு என்று வயிற்றுக்கு வேண்டிய விடயங்களையே பேசி வந்திருக்கிறோம். இம்முறை பூவைப் பற்றி எழுதுகிறோம். அதுவும் ஒரு முறை நட்டால் ஆண்டுதோறும் தானே முளைத்துப் பூக்கும் லில்லியைப் பற்றி. நோட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனை, மஸ்கெலியா பக்கங்களில் மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு எழுந்து, புதுக் குடியிருப்புகளில் ஏழு பேர்ச் காணியில் அமர்ந்திருக்கும் குடும்பங்களை மனதில் வைத்தே இதனை எழுதுகிறோம்.

இந்தப் பேச்சை எடுத்தவுடனேயே குழுக்கூட்டங்களில் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, "ஏழு பேர்ச்சில வீட்டக் கட்டி, கக்கூசக் கட்டி, தண்ணி டாங்கியையும் வச்சா மிச்சம் எவ்வளவு சாமி? அதுலயும் பூவா? பூவ ஆக்கித் திங்க முடியுமா?" என்பது. நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. ஏழு பேர்ச் ஏறக்குறைய 1900 சதுர அடி. வீடு 550 சதுர அடியை எடுத்துக்கொண்டால் மிச்சம் 1350. பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட ஒரு பாத்திக்கு 30 சதுர அடி போதும். அதாவது மிச்ச நிலத்தில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. கீரைப் பாத்தியைப் பிடுங்கிவிட்டுப் பூ நடும்படி நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். கீரை, போஞ்சி, வள்ளி ஆகியன முதலில். அதற்குப் பிறகு முற்றத்து ஓரத்தில் மூன்றடி கிடைத்தால் மட்டும் இந்தப் பாடம்.

இரண்டாவது கேள்வி கனமானது. "இந்தக் காணி நமக்குத்தான்னு உறுதி இன்னும் கையில வரல்ல. நாளைக்கு எழும்பச் சொன்னா எழும்பணும். வருசக் கணக்கா நிக்கிற மரஞ்செடிய எதுக்கு நடணும்?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவரைச் சோம்பேறி என்றோ நம்பிக்கை இல்லாதவர் என்றோ சொல்லக்கூடாது. எமது மக்களின் வரலாறே எழும்பிப் போன வரலாறுதான். கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களை விட்டு வந்தார்கள். 1960களில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா பட்டணமே நீருக்குள் போயிற்று. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது இன்றும் அங்கே பழைய கோயில் கட்டடங்கள் தலை காட்டுகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. தப்பியவர்கள் நீண்ட காலம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே குடும்பம் நடத்த நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொண்டுவந்த மழை மலைநாட்டின் பல மாவட்டங்களில் மீண்டும் அதையே செய்தது. ஒவ்வொரு முறையும் வாசலில் நின்ற கொய்யாவும் அவக்காடோவும் பின்னால் நின்றுவிட்டன. தூக்கிக்கொண்டு போக முடியாது அல்லவா?

லில்லியைத் தூக்கிக்கொண்டு போகலாம். இந்தப் பாடத்துக்கு லில்லியை நாம் தெரிந்தெடுத்த காரணமும் அதுதான். லில்லியின் உயிர் முழுவதும் மண்ணுக்குள் உள்ள பூண்டு போன்ற கிழங்கில் இருக்கிறது. தண்டும் இலையும் காய்ந்தாலும் கிழங்கு காய்வதில்லை. ஈரத் தும்புத்தூளில் சுற்றி, துளையிட்ட பையில் போட்டால் சில வாரங்கள் தாங்கும். எமக்குத் தெரிந்த ஒரு தாய், லயத்தை விட்டு எழும்பும்படி கிராம சேவகர் சொன்ன அன்று, சட்டி பானையோடு ஒரு பால்மா டின் நிறைய லில்லிக் கிழங்கையும் தோண்டி எடுத்துக்கொண்டார். பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த நாட்களில் அந்த டின் அவருடைய தலைமாட்டிலேயே இருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது அவருடைய புது வீட்டு வாசலில் பதினொரு தண்டு நிற்கிறது. சிரித்தவர்களில் மூன்று பேர் அவரிடம் கிழங்கு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இது எமது நாட்டில் மட்டும் நடக்கும் காரியமல்ல. ஈஸ்டர் லில்லி என்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் வெள்ளை எக்காளப் பூவின் பிறந்த ஊர் யப்பானின் தென்கோடியிலுள்ள ரியூக்கியூ தீவுகள். அமெரிக்கர்கள் நெடுங்காலம் கிழங்கை யப்பானிலிருந்தே வாங்கினார்கள். முதலாம் உலகப் போரில் பங்கெடுத்த லூயிஸ் ஹௌட்டன் என்ற போர்வீரர், 1919இல் ஒரு பெட்டி நிறைய லில்லிக் கிழங்கை ஒரிகன் மாநிலத்தின் தென்கரைக்குக் கொண்டுபோய் நண்பர்களுக்குப் பங்கிட்டார். அவர்கள் அதைப் பொழுதுபோக்காக நட்டு வந்தார்கள். 1941இல் யப்பானோடு போர் மூண்டு கிழங்கு வரத்து நின்றபோது, அந்தக் கொல்லைப்புறக் கிழங்குகளுக்குத் திடீரென்று பெரும் விலை கிடைத்தது. 1945 அளவில் அமெரிக்காவின் பசுபிக் கரையோரத்தில் சுமார் 1200 பேர் லில்லிக் கிழங்கு பயிரிட்டார்கள். எல்லாம் ஒரு பெட்டியில் தொடங்கியது.

எது லில்லி, எது லில்லி அல்ல

எமது மக்கள் பெரிய பூவாக, நீண்ட தண்டில், கிழங்கிலிருந்து வருவதையெல்லாம் லில்லி என்றே சொல்கிறார்கள். ஆங்கிலேயரும் அப்படித்தான் சொன்னார்கள். துரைமார் பங்களாத் தோட்டத்தில் கேட்ட பெயர்தானே லயத்துக்கும் வந்தது. ஆனால் வளர்க்கும் முறையும், அதிலும் முக்கியமாக நஞ்சும், இனத்துக்கு இனம் வேறுபடுவதால் பிரித்து அறிந்துகொள்ளல் அவசியம்.

உண்மையான லில்லியின் கிழங்கு வெள்ளைப்பூண்டு போலத் தனித்தனிச் செதில்களால் ஆனது. ஆனால் பூண்டுக்கு இருப்பது போன்ற காகிதத் தோல் இதற்கு இல்லை. ஆகவேதான் வெங்காயத்தைப் போலக் கட்டித் தொங்கவிட்டால் வற்றிச் செத்துப்போகும். ஒரே தண்டு நிமிர்ந்து வளரும். தண்டு முழுவதும் இலை இருக்கும். உச்சியில் ஆறு இதழ்ப் பூ. எமக்கு அருகில் இயற்கையாக வளரும் உண்மை லில்லி நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிச் சரிவுகளில் இருக்கிறது. நீண்ட வெள்ளை எக்காளம் போன்ற வாசனைப் பூ அது. நீலகிரி லில்லி என்றே அதற்குப் பெயர். ஒப்பந்தத்தின் பின் இங்கிருந்து போன உறவினர் பலர் அந்த நீலகிரியில்தான், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் கொழுந்து பறிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பூவை அங்கு காணும் இடத்தில் தோண்டக்கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம். காட்டிலே அருகி வரும் செடி அது.

ஓடைக் கரையிலும் கான் ஓரத்திலும் தானாகவே வளர்ந்து, ஒரே வெள்ளை மடலைப் புனல் போலச் சுருட்டி நிற்கும் ஏரம் லில்லி உண்மை லில்லி அல்ல. அது சேம்பின் உறவு, தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. நுவரெலியாப் பக்கம் நீரோடைகளில் நிறையக் காணலாம். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு நாள் மட்டும் விரியும் டே லில்லி சீன நாட்டுச் செடி. உருண்டைக் கொத்தாக நீலப்பூ பூக்கும் அகபாந்தஸும் தென்னாபிரிக்காவினுடையது. மழை பெய்து ஓய்ந்ததும் ஒரே இரவில் முளைத்துப் பூக்கும் சிறிய மழை லில்லியும், சிவப்பு எக்காளம் போன்ற அமரில்லிஸும் வேறொரு குடும்பம். இவையெல்லாம் லில்லியல்ல என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. உண்மையில், நோட்டன் பிரிட்ஜ் மழைக்கு இவைதான் உண்மை லில்லியைவிட நன்றாகத் தாக்குப் பிடிக்கும். புதிதாகத் தொடங்குவோர் முதல் ஆண்டில் டே லில்லியும் அகபாந்தஸும் நட்டுக் கை பழகிய பிறகு ஈஸ்டர் லில்லிக்குப் போவது நல்லது என்பதே எமது கருத்து.

சூசையப்பர் சுரூபத்தின் கையிலும் அந்தோனியார் சுரூபத்தின் கையிலும் இருக்கும் வெள்ளை லில்லி எது என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. அது மத்தியதரைக் கடல் நாடுகளின் மடோனா லில்லி. அங்குள்ள ஈரக் குளிர்காலமும் காய்ந்த கோடையும் அதற்கு வேண்டும். இங்கு அது பிழைக்காது. ஆண்டவர் காட்டிக் கவனிக்கச் சொன்ன வயல்வெளிப் பூ அந்த லில்லியே அல்ல, பலஸ்தீன நாட்டுப் புல்வெளியில் சிவப்பாகப் பூக்கும் வேறொரு பூவாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். எமது பீடத்துக்கு ஈஸ்டர் லில்லி போதும்.

கடையில் விற்கும் கிழங்கைப் பற்றி

நகரத்துப் பூக்கடைகளிலும் கண்காட்சிகளிலும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பூப் படம் போட்ட கிழங்குப் பைகள் விற்பனைக்கு வருவதுண்டு. குளிர்நாட்டிலிருந்து இறக்குமதியாகும் கலப்பினங்கள் அவை. முதலாம் ஆண்டு படத்தில் உள்ளபடியே பூக்கும். இரண்டாம் ஆண்டு பாதி உயரத்தில் ஒரே ஒரு பூ. மூன்றாம் ஆண்டு இலை மட்டும். வளர்த்தவர் தன் கைராசியை நொந்துகொள்கிறார். காரணம் கையல்ல. அந்த இனங்களின் கிழங்கு ஆண்டுதோறும் ஆறு தொடக்கம் பத்து வாரம் வரை குளிர்சாதனப் பெட்டிக்குள் உள்ளதைப் போன்ற குளிரில் கிடந்தால்தான் அடுத்த தண்டுக்குள் பூ உருவாகும். கடையில் வாங்கியபோது அந்தக் குளிரை ஏற்கனவே பெற்று வந்திருந்தது. அதனால்தான் முதல் ஆண்டு பூத்தது. நுவரெலியா 6000 அடிக்கு மேல். அங்கே சனவரி இரவில் புல்லில் உறைபனி விழுவதுண்டு. அங்குகூட ஆறு வாரத் தொடர்குளிர் கிடையாது. ஹட்டன் 4000 அடியைச் சற்றுத் தாண்டியது. நோட்டன் பிரிட்ஜ் அதிலும் தாழ்வானது. ஆகவே இந்தக் கிழங்குகளில் காசைப் போட வேண்டாம்.

ஈஸ்டர் லில்லி சூடான தீவுகளில் பிறந்த செடி. எனவே அதற்கு அவ்வளவு குளிர் வேண்டியதில்லை. எமது மலையின் குளிர்ந்த இரவுகளே போதும். பழைய பங்களாத் தோட்டங்களிலும், கோவில் வளவுகளிலும், கன்னியர் மடங்களிலும் பல ஆண்டுகளாகத் தானாகவே பூத்து வரும் வெள்ளை லில்லியைக் கண்டால், அதுவே எமது மழைக்குப் பழகிய இனம் என்று கொள்ளலாம். அந்தக் கிழங்கைக் கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்குங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். இரவில் தோண்டிக்கொண்டு வருவது வேறு.

பாத்தி அமைத்தல்

வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ் பகுதி இலங்கையிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. கெசல்கமு ஓயாவை மறித்து அணை கட்டி மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால், அந்த ஓயாவுக்கு நீர் வருவது இந்த மழையால்தான். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் மண் காயவே காயாது. லில்லிக் கிழங்குக்கு நீர் தேவை, ஆனால் நீரில் ஊறினால் அழுகும். இங்கே லில்லி சாவது பெரும்பாலும் தண்ணீர் போதாமல் அல்ல, தண்ணீர் வடியாமல்தான்.

ஆதலால் பாத்தியை முற்றத்து மட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திப் போடவேண்டும். சரிவுக்குக் குறுக்காக, மட்டக் கோட்டில் போடவேண்டும். சரிவோடு நீளமாகப் போட்டால் முதல் மழையிலேயே மண் கீழ்வீட்டுக்காரரின் வாசலுக்குப் போய்விடும். பாத்தியின் மேற்பக்கத்தில் ஒரு சிறிய கான் வெட்டி, அதன் நீரைக் குடியிருப்பின் பெரிய கானில் சேர்க்க வேண்டும். கான் வெட்டத் தெரியாதவர் எம்மில் யார் இருக்கிறார்? தோட்டத்துக்காக ஒரு வாழ்நாள் முழுவதும் வெட்டியிருக்கிறோம். இப்போது சொந்த வாசலுக்காக வெட்டுவோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுக்குப் பின்னால் வெட்டி நிறுத்திய மண்மேடு இருந்தால் அதன் அடிப்பாகத்தைத் தோண்டிப் பாத்தி போடக்கூடாது. அடியை அறுத்தால் மேடு இறங்கும். மேட்டின் உச்சி ஓரத்திலும் நீர் தேங்கும் பாத்தி கூடாது. தரையில் புதிதாக வெடிப்புக் கண்டாலும், மரமோ கம்பமோ சாய்ந்திருந்தாலும், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினாலும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலும் அது தோட்ட வேலைக்குரிய நேரமல்ல. உடனே கிராம சேவகருக்கு அறிவித்துவிட்டு வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு அறிவித்தல்களை வானொலியில் கேட்பதை மழைக்காலத்தில் வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

லில்லி மண்ணைப் பிடிக்குமா என்று கேட்போருக்கு: பிடிக்காது. அதன் வேர் சிறிது. மேட்டின் ஓரத்துக்கு வெட்டிவேரும், அதற்கு உட்புறமாக டே லில்லியும் அகபாந்தஸும் நடலாம். இவை இரண்டும் அடர்த்தியாகத் தூர் விட்டு, சதைப்பற்றான வேரால் மேல்மண்ணைக் கட்டி வைக்கும். தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மானாப்புல் நட்டு மண்ணைத் தேற்றுவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதே தத்துவம்தான், அளவுதான் சிறியது.

மண் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. எமது குடியிருப்புக் காணி பெரும்பாலும் பழைய தேயிலை மலை. ஈஸ்டர் லில்லிக்கோ அவ்வளவு புளிப்பு ஆகாது. இலை நுனி கருகும். கவ்வாத்துக்குப் பிறகு மலையில் தூவுகிறார்களே, அந்த டொலமைட்டை ஒரு சதுர யாருக்கு ஒரு கைப்பிடி என்று தூவி, முள்ளினால் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து நடவும். பாத்தி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு இருக்கட்டும். பச்சைச் சாணம் போட்டால் கிழங்கு அழுகும். சுப்பர் பொஸ்பேட் உரம் வேண்டாம்; அதிலுள்ள புளோரைட்டும் இலை நுனியைக் கருக்கும். அடுப்புச் சாம்பல் சிறிதளவு தூவலாம்.

நடுதல்

தென்மேல் மழை தணிந்து வரும் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் நடுவது நல்லது. அப்போதுதான் பழைய தண்டு மஞ்சளித்துக் கிழங்கு ஓய்ந்திருக்கும். நட்டபின் குளிர் மாதங்களில் மெல்ல வளர்ந்து, அடுத்த மழைக்கு முன்னரோ மழை தொடங்கும்போதோ பூக்கும்.

கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு தொடக்கம் மூன்று மடங்கு ஆழத்தில், சாதாரணமாக ஆறங்குல ஆழத்தில் நட வேண்டும். வெங்காயம் போல மேலாக நட்டுப் பழகியவர்களுக்கு இது அதிகமாகத் தோன்றும். ஆனால் லில்லி கிழங்கின் அடியில் மட்டுமன்றி, கிழங்குக்கு மேலே மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்தும் வேர் விடும். பூவுக்கு வேண்டிய உணவில் பெரும்பங்கை அந்த மேல்வேரே தேடுகிறது. மேலாக நட்டால் அந்த வேர் வர இடமில்லை. பூச்சுமையில் தண்டும் சாயும். குழியின் அடியில் ஒரு பிடி ஆற்று மணல் போட்டு, அதன்மேல் கிழங்கைச் சற்றே சரித்து வைக்கவும். சரித்து வைத்தால் செதில்களுக்கு நடுவே நீர் தங்காது. செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடவும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் குறைந்து நோய் வரும்.

மழைமாதங்களில் வரும் முக்கிய நோய் இலைப்புள்ளி. இலையில் கபில நிறத்தில் முட்டை வடிவான புள்ளி விழுந்து, பின்னர் இலை முழுவதும் ஈரக் காகிதம் போலத் தொங்கும். கீழிலையில் தொடங்கி மேலே ஏறும். முதல் புள்ளி கண்டவுடனே அந்த இலையைக் கிள்ளி எடுத்துப் பாத்திக்குத் தூரமாகப் புதைத்து விடவும். கூட்டெருக் குழியில் போட வேண்டாம். மருந்து அடிக்கும்படி நாம் சொல்வதில்லை. முப்பது சதுர அடிப் பாத்தியைக் கையாலேயே காப்பாற்றலாம். இலையில் பச்சையும் வெளுப்புமாகக் கோடு விழுந்து தண்டு முறுகினால் அது பேன்பூச்சி பரப்பும் வைரசு நோய். அதற்கு மாற்று இல்லை. கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடவும். பக்கத்து வீட்டாருக்கும் அந்தக் கிழங்கைக் கொடுக்கக்கூடாது. நத்தையை இரவில் விளக்குப் பிடித்துப் பொறுக்க வேண்டும். முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கிழங்கைத் தேடி வரும் இடங்களில் பாத்தியைச் சுவரோரமாக, மனித நடமாட்டம் உள்ள பக்கத்தில் போடுவதைத் தவிர வேறு நல்ல வழி எமக்குத் தெரியவில்லை.

நஞ்சு பற்றி அவசியம் வாசிக்கவும்

"பூவ ஆக்கித் திங்க முடியுமா" என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறோம். சீனாவில் டே லில்லியின் மொட்டைக் காயவைத்துக் கறிக்குப் போடுகிறார்கள். சில இன லில்லிக் கிழங்கையும் உண்கிறார்கள். ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாக இனம் அறிந்து உண்பவர்கள். எமது வாசலில் நிற்பது எந்த இனம் என்று உறுதியில்லாதபோது சமைத்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். வேண்டாம்.

ஏரம் லில்லியின் இலையும் தண்டும் சேம்பைப் போலவே இருக்கும். வாயில் பட்டால் ஊசி குத்தியது போல எரிந்து நாக்கு வீங்கும். சேம்பு நட்ட இடத்துக்குப் பக்கத்தில் அதனை ஒருபோதும் நடக்கூடாது. இருட்டில் கறிக்குப் பறிக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. அமரில்லிஸ் கிழங்கும் நஞ்சு. வெங்காயத்தோடு சேர்த்து வைக்கக்கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது கார்த்திகைப் பூ. ஆங்கிலத்தில் அதையும் லில்லி என்றே சொல்வார்கள். செங்காந்தள், கலப்பைக் கிழங்கு என்பவையும் அதற்குப் பெயர்கள். தமிழகத்தில் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் அதன் விதையை மருந்துக் கம்பனிகளுக்காகப் பயிரிடுகிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்ற பொருள் அளவோடு கொடுத்தால் மூட்டுவாதத்துக்கு மருந்து. கிழங்காக உண்டால் மரணம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்து உண்டவர்கள் இறந்த சம்பவங்கள் இலங்கையில் பல உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது. உண்டு சில மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அதற்குள் நஞ்சு உடலில் ஏறியிருக்கும். புதுக் குடியிருப்புக்கு வந்தவர்கள், காணியில் முன்பே கிடக்கும் கிழங்கு எதையும் இலையும் கொடியும் பார்த்து இனம் தெரியாமல் சமைக்க வேண்டாம். சந்தேகம் ஏற்பட்டால், எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

பூனை வளர்ப்போருக்கும் ஒரு வார்த்தை. உண்மை லில்லி, டே லில்லி இரண்டின் இலையும் மகரந்தமும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

பூவை விற்கலாமா

பெரிய வருமானம் வரும் என்று ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. பூ இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். மேலும் ஈஸ்டர் லில்லி என்ற பெயரை நம்பி உயிர்ப்பு ஞாயிறுக்குப் பூவைப் பேசிக் கொடுக்க வேண்டாம். அந்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மேல்நாட்டில் கண்ணாடி வீட்டுக்குள் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தே அன்றைக்குப் பூக்க வைக்கிறார்கள். இயற்கையாக விட்டால் செடி பெரும்பாலும் அதற்குப் பிந்தியே பூக்கும். ஜூன் 13ஆம் திகதி அந்தோனியார் திருநாளுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அன்று லில்லிப் பூவை ஆசீர்வதிக்கும் வழக்கம் திருச்சபையில் உண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம்.

ஒரு வீட்டில் நான்கு தண்டு இருந்தால் யாரும் வாங்க வரமாட்டார்கள். பத்து வீடுகள் ஒரே இனத்தை நட்டால் நாற்பது தண்டு. அப்போது கோவில் சபையோடும், ஹட்டன் பூக்கடையோடும், கல்யாண அலங்காரம் செய்பவரோடும் பேசலாம். சிறுசேமிப்புக் குழுவாக இருப்பவர்கள் இதனைக் குழு வேலையாக எடுப்பதே பயன் தரும். வெட்டும்போது முதல் மொட்டு வெளுத்து, விரியுமுன் காலையில் வெட்ட வேண்டும். தண்டில் பாதி இலையாவது செடியில் நிற்கவேண்டும். அந்த இலைதான் அடுத்த ஆண்டுக் கிழங்குக்குச் சோறு போடுகிறது. அடியோடு வெட்டினால் இந்த ஆண்டு பூவை விற்று அடுத்த ஆண்டு கிழங்கையும் விற்றதாகும். பூ விரிந்தவுடன் நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடவும். அது பீடத் துணியில் பட்டால் இலேசில் போகாது. கோவில் துணி துவைக்கும் சகோதரியிடம் திட்டு வாங்க வேண்டாம்.

பெருக்குதல்

பூ முடிந்தபின் தண்டைப் பிடுங்காமல், தானாக மஞ்சளிக்கும்வரை விடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைத் தோண்டிப் பார்த்தால், ஒன்று இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்திருக்கும். மண்ணுக்குள் இருந்த தண்டைச் சுற்றியும் கடலை அளவில் குட்டிக் கிழங்குகள் ஒட்டியிருக்கும். அவற்றைத் தவறணையில் ஓரங்குல ஆழத்தில் நட்டு வளர்க்கலாம்.

இதைவிட வேகமான வழி செதில் முறை. ஓய்ந்த கிழங்கின் வெளிச்செதில்களில் ஆறு ஏழை அடியோடு ஒடித்து எடுங்கள். நடுக்கிழங்கை மறுபடி நட்டுவிடலாம், அது சாகாது. ஒடித்த செதிலை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமுள்ள தும்புத்தூளோடு பொலித்தீன் பையில் போட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி, அடுப்பங்கரையின் இருட்டு மூலையில் வைக்கவும். ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் ஒவ்வொரு செதிலின் அடியிலும் வெள்ளையாக ஒன்றிரண்டு குட்டிக் கிழங்குகள் தோன்றும். அவற்றைச் செதிலோடேயே தவறணையில் நட்டால் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் பூக்கும். ஒரு கிழங்கைக் கொண்டு தொடங்கிய குடும்பம் இப்படியே பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கலாம். எழும்பிப் போகவேண்டி வந்தால் இந்தப் பையைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாத்தியைத் தோண்ட நேரம் கிடைக்காமல் போகலாம்.

பையின் மேல் திகதியை எழுதி ஒட்டுங்கள். தும்புத்தூள் காய்ந்துவிடாமல் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்த செதில் இருந்தால் அதை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு மறுபடி கட்டி வைக்கவும்.